400 மெகாஹெர்ட்ஸில் நிற்கும் லேப்டாப்: கவர்னரை மாற்றும் முன் சார்ஜர் முள்ளைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஐ5 8250யூ பிராசஸர் போட்ட பழைய லேப்டாப். விண்டோஸ் ரொம்ப இழுத்ததால் தெரிந்த தம்பி ஒருவர் உபுண்டு போட்டுக் கொடுத்தார். அதிலும் அப்படியேதான் இருக்கிறது. காலையில் படகு வந்து இறால், நண்டு, கணவாய் என்று எடை போட ஆரம்பித்தால், பில் போட லிப்ரே ஆபீஸ் திறப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடுகிறது. தேடிப் படித்துப் பார்த்ததில் பிராசஸர் வேகம் 400 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை என்று தெரிந்தது. பிராசஸரின் வேகத்தை முடிவு செய்யும் ‘கவர்னர்’ என்ற அமைப்பு ‘பவர்சேவ்’ என்று காட்டியது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினேன், வேகம் ஏறவில்லை. மறுபடி ஆன் செய்தால் பவர்சேவுக்கே திரும்பிவிடுகிறது. நிரந்தரமாக மாற்ற என்ன செய்ய வேண்டும்? பழைய சார்ஜர் கெட்டுப்போனதால் ராமநாதபுரத்தில் வேறு வாங்கியிருக்கிறேன். பேட்டரியும் 4 சதவீதத்துக்கு மேல் ஏறுவதில்லை, செத்துவிட்டது என்று நினைக்கிறேன். எப்போதும் சார்ஜரிலேயேதான் ஓடுகிறது.

பதில்: நீங்கள் கேட்டது கவர்னரைப் பற்றி. எனக்கு வழி காட்டியதோ போகிற போக்கில் நீங்கள் எழுதிய மூன்று விஷயங்கள். விண்டோஸிலும் இதே இழுவை. சார்ஜர் புதிதாக மாற்றியது. பேட்டரி ஏறாதது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு லினக்ஸில் (உபுண்டு அதில் ஒரு வகை) இருக்க வாய்ப்பு குறைவு. மறுபடி உபுண்டு போடாதீர்கள், பேட்டரிக்கும் இப்போதே பணம் கொடுக்காதீர்கள். ஆனாலும் சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் அந்தப் பவர்சேவ் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்த ஒரு சொல்லை நம்பி நாள் கணக்கில் நேரம் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலில் பிராசஸரின் வேகத்தை ஏற்றி இறக்கும் பகுதிக்கு சிபியூஃப்ரீக் என்று பெயர். அதில் இரண்டு ஆட்கள். கவர்னர் என்பவர் வேலைப் பளுவைப் பார்த்து ‘இப்போது இவ்வளவு வேகம் போதும்’ என்று முடிவு செய்பவர். டிரைவர் என்பவர் அந்த முடிவை உங்கள் பிராசஸருக்குப் புரிகிற மொழியில் கொண்டுபோய்ச் சொல்பவர். இன்டெல் பிராசஸர்களுக்கு 2013 முதல் கெர்னலிலேயே ‘இன்டெல் பிஸ்டேட்’ என்ற தனி டிரைவர் இருக்கிறது. உங்களுடைய எட்டாம் தலைமுறை ஐ5-இல் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையின் பெரும்பங்கைப் பிராசஸரே எடுத்துக்கொள்கிறது. கெர்னல் ஒரு விருப்பத்தை மட்டும் சொல்லி வைக்கும்: மின்சாரம் மிச்சமாக வேண்டுமா, வேகம் வேண்டுமா, இரண்டுக்கும் நடுவிலா என்று. அந்த டிரைவரின் கீழ் இருப்பவை இரண்டே கவர்னர்கள். பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ். இங்கே பவர்சேவ் என்றால் ‘தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கு’ என்றுதான் பொருள். வேலை வந்தால் அது 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக ஏறும். உபுண்டுவில் அதுவே இயல்பான அமைப்பு, மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அதே பவர்சேவ் வேறொரு டிரைவரின் கீழ் வேறு பொருள் கொள்ளும். பழைய இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் ‘ஏசிபிஐ சிபியூஃப்ரீக்’ என்ற டிரைவர் இருக்கும். இன்னும் சிலவற்றில் ‘இன்டெல் சிபியூஃப்ரீக்’ என்று காட்டும். அவற்றில் பவர்சேவ் போட்டால் பிராசஸர் அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடப்படும். எத்தனை வேலை கொடுத்தாலும் ஏறாது. அங்கே ‘ஷெட்யூட்டில்’ அல்லது ‘ஆன்டிமாண்ட்’ போட வேண்டும். நீங்கள் தேடிப் படித்த அறிவுரை இப்படிப்பட்ட லேப்டாப்புக்காக எழுதப்பட்டதாக இருக்கலாம். அதனால் கவர்னரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் டிரைவரின் பெயரைப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? இங்கே நான் தமிழில் எழுதும் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கணினியின் வேர்க் கோப்புறையில் தொடங்கி சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, சிபியூ0, சிபியூஃப்ரீக் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போங்கள். உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். பெயரில் இரண்டு சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். ‘ஸ்கேலிங் டிரைவர்’ கோப்பைத் திறந்தால் டிரைவர் பெயர். ‘ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக்’ கோப்பில் இப்போது அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம். ‘சிபியூஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரீக்’ கோப்பில் பிராசஸரால் முடிந்த உச்ச வேகம். எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருக்கும், அதாவது 3400000 என்றால் 3.4 கிகாஹெர்ட்ஸ். கடைசி இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் மென்பொருள் யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். அனுமதித்த எண் 400000 என்று இருந்தால் ஏதோ ஒரு நிரல் உச்சவரம்பு போட்டிருக்கிறது. அப்போது டிஎல்பி போன்ற மின்சிக்கன நிரல் ஏதாவது இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். அப்படியே சிபியூ கோப்புறையில் உள்ள ‘இன்டெல் பிஸ்டேட்’ கோப்புறைக்குள்ளும் போய் ‘நோ டர்போ’ என்ற கோப்பைப் பாருங்கள். அதில் 0 இருக்க வேண்டும். 1 இருந்தால் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஏறும் வசதி, அணைந்திருக்கிறது; உங்கள் பிராசஸர் அந்த அடிப்படை வேகத்தைத் தாண்டாது.

சிபியூஃப்ரீக் கோப்புறையே இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் பயாஸுக்குள் (உபுண்டு தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய், வேகத்தை ஏற்றி இறக்க விடும் ஸ்பீட்ஸ்டெப் (ஏஎம்டி என்றால் கூல் அண்ட் கொயட்) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அணைந்திருந்தால் கெர்னலால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கவர்னர் பெயர் தெரிந்ததென்றால் டிரைவர் ஏறியிருக்கிறது.

இப்போது முக்கியமான சோதனை. வேலையில்லாமல் சும்மா இருக்கும் பிராசஸர் 400-இல் நிற்பது கோளாறே இல்லை, அப்படி நிற்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கிறார்கள். மின்செலவு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் போவதால் இரண்டையும் குறைக்கும்போது மிச்சம் நிறைய. ஆகவே பளு கொடுத்துவிட்டுத்தான் வேகத்தைப் பார்க்க வேண்டும். ‘ஸ்ட்ரெஸ் என்ஜி’ என்ற நிரலை நிறுவி, பிராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய எட்டு இழைகளுக்கும் மூன்று நிமிடம் வேலை கொடுங்கள். பக்கத்து டெர்மினலில் ‘டர்போஸ்டாட்’ ஓடட்டும். உபுண்டுவில் அது லினக்ஸ் டூல்ஸ் தொகுப்போடு வரும், ரூட் (நிர்வாகி) அனுமதி கேட்கும். வேகம், வெப்பம், எத்தனை வாட் தின்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் காட்டும்.

வேகம் இரண்டு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் பிராசஸர் நலமாக இருக்கிறது. அப்போது தாமதத்துக்குக் காரணம் தேயும் ஹார்ட் டிஸ்க்கோ போதாத ராமோ. ஆரம்பத்தில் மூன்றுக்கு மேல் ஏறிவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் வெப்பம் 95-ஐத் தாண்டியதும் பொத்தென்று இறங்கினால் அது சூட்டுக் கோளாறு. இந்தப் பிராசஸர் 100 டிகிரி வரை தாங்கும், அதை நெருங்கினால் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வகைதான் உங்களுடையது என்று நினைக்கிறேன். வெப்பம் 45, 50 டிகிரிதான் இருக்கும். பளு முழுசாக ஏறியிருக்கும். வேகம் மட்டும் முதல் வினாடியிலிருந்து 400-ஐ விட்டு நகராது.

அப்படி நின்றால் ஒரு விஷயம் நிச்சயம். பிராசஸருக்கு வெளியிலிருந்து யாரோ ‘மெதுவாகப் போ’ என்று உத்தரவு கொடுக்கிறார்கள். பிராசஸரில் பிராக்ஹாட் என்று ஒரு மின்கம்பி உண்டு. பிராசஸர் சூடானால் அந்தக் கம்பி வழியே மதர்போர்டுக்குச் சொல்லும். அதே கம்பி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். மதர்போர்டு அதை இழுத்துப் பிடித்தால் பிராசஸர் தன் சூட்டைப் பார்க்காமல், கவர்னரைக் கேட்காமல், உடனே அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். கவர்னர் பெர்ஃபார்மன்ஸாக இருந்தாலும் சரி, விண்டோஸாக இருந்தாலும் சரி, இந்த உத்தரவுக்கு முன்னால் நிற்காது. நீங்கள் மாற்றியும் வேகம் ஏறாதது இதனால்தான்.

மதர்போர்டு ஏன் இழுத்துப் பிடிக்கிறது? பெரும்பாலும் சார்ஜர் யாரென்று அதற்குத் தெரியாததால். உங்கள் சார்ஜரின் முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உருளை முனையின் நடுவே ஊசி போல மெல்லிய முள் ஒன்று இருக்கிறதா? அப்படி இருந்தால், மின்சாரம் போவது சுற்றியுள்ள உலோகக் குழாய் வழியாக. நடு முள் மின்சாரம் கொடுப்பதற்கு இல்லை, அடையாளம் சொல்வதற்கு. ‘நான் 65 வாட் சார்ஜர்’ என்று அந்த முள் வழியாகத்தான் லேப்டாப்புக்குத் தகவல் போகும். அந்த வார்த்தை வந்து சேரவில்லை என்றால் லேப்டாப் பாதுகாப்பாக நடந்துகொள்கிறது. இந்தச் சார்ஜர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது, அதிகம் இழுத்தால் எரிந்துவிடலாம் என்று பிராசஸரை அடிமட்டத்தில் வைக்கும், பேட்டரியை ஏற்றுவதையும் நிறுத்திவிடும். உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு நோய்களும் இந்த ஒரே முள்ளிலிருந்து வந்திருக்கலாம். ஆன் செய்தவுடன் அடாப்டர் பற்றி ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்து, ஏதோ ஒரு கீயை அழுத்தித் தாண்டிப் போகிறீர்களா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். பயாஸின் பேட்டரிப் பக்கத்தில் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும் லேப்டாப்களும் உண்டு, அங்கே ‘தெரியவில்லை’ என்று வந்தாலும் அதே பொருள்தான்.

இன்னும் எளிய சோதனை: பேட்டரியில் 4 சதவீதம் இருக்கும்போதே, திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, பளு கொடுக்காமல் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஓரிரு நிமிடம் தாங்கினாலும் போதும். என் சந்தேகம் சரி என்றால், பிடுங்கியதும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் வேகம் 400-ஐ விட்டுத் துள்ளும். சார்ஜரை மாட்டியதும் மறுபடி படுக்கும். அப்புறம் உங்களைப் போலவே அதே நிறுவன லேப்டாப் வைத்திருக்கும் யாரிடமாவது அசல் சார்ஜரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். முனை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அடியில் அச்சிட்ட வோல்ட் எண் உங்கள் லேப்டாப்பின் அடியில் உள்ளதோடு பொருந்த வேண்டும், வாட் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும்.

இரவல் சார்ஜரில் வேகம் ஏறினால் நீங்கள் வாங்கிய சார்ஜர்தான் காரணம். நடு முள் வெறும் அலங்காரமாக, உள்ளே அடையாளச் சில்லே இல்லாமல் வருகிற மலிவான சார்ஜர்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டியதும் பேட்டரி ஏறுகிறதா, எச்சரிக்கை வருகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

இரவல் சார்ஜரிலும் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டியது லேப்டாப்பில் சார்ஜரை மாட்டும் ஓட்டையை. இங்கேதான் நம் கடற்கரை வந்து நிற்கிறது. உங்கள் தங்கச்சிமடம் இருக்கும் பாம்பன் தீவில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்புக்காற்று ஏதோ ஒரு பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துரு தின்னாமல் வைத்திருக்க எத்தனை பாடு பட்டார்கள் என்று நமக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. அந்தக் காற்றில்தான் உங்கள் லேப்டாப்பின் அரை மில்லிமீட்டர் முள்ளும் இருக்கிறது. மண்டபம் பக்கம் கருவாடு காயப்போடும் களத்தை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து எனக்கு வந்த லேப்டாப்பில், சார்ஜர் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது நடுத் தொடுபுள்ளி பச்சையாகப் பாசி பிடித்தது போல இருந்தது. செம்பு கலந்த உலோகத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வரும் பச்சை அது. மின்சாரம் போகும் பெரிய குழாய் அந்தப் பச்சையையும் மீறி வேலை செய்தது. அடையாளம் சொல்லும் மெல்லிய இணைப்பு மட்டும் அறுந்திருந்தது. அந்த லேப்டாப்பிலும் கவர்னரை மாற்றி மாற்றி ஒரு மாதம் போயிருந்தது. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சுத்தம் செய்ய ஆனது பத்து நிமிடம்.

அதைச் செய்யும் முறை இது. லேப்டாப்பை முழுசாக அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, அதிகம் சொட்டாமல் பிழிந்துவிட்டு, ஓட்டையின் உள்சுவரையும் சார்ஜர் முள்ளையும் மெதுவாகத் துடையுங்கள். பஞ்சில் பச்சை வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றித் துடைக்கலாம். அரை மணி நேரம் காய விடுங்கள். பிளேடு, குண்டூசி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். முலாம் ஒருமுறை சுரண்டப்பட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பச்சை பிடிக்கும். தண்ணீரோ செண்டோ ஊற்றவே கூடாது. சுத்தம் செய்தும் மாட்டும்போது முனை ஆடினால் ஓட்டைப் பகுதியையே மாற்ற வேண்டும். பல லேப்டாப்களில் அது மதர்போர்டோடு சேராமல் தனி ஒயரில் வரும் சிறிய பாகம்தான்.

டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு முள் கிடையாது, அங்கே சார்ஜரும் லேப்டாப்பும் பேசி வாட்டை முடிவு செய்துகொள்ளும். போன் சார்ஜரை மாட்டினால் இதே போல வேகம் படுத்துவிடலாம்.

தேடினால் உங்களுக்கு இன்னொரு வழியும் கண்ணில் படும். பிராசஸருக்குள் 1எஃப்சி என்ற எண்ணுள்ள ரிஜிஸ்டரில் (அமைப்புகளைக் குறித்து வைக்கும் சிறு இடம்) ஒரு பிட்டை அணைத்துவிட்டால், மதர்போர்டு கொடுக்கும் அந்த உத்தரவைப் பிராசஸர் காதில் போட்டுக்கொள்ளாது. வேகம் உடனே ஏறும். செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு இயங்கினால் கெர்னல் இதைச் செய்ய விடாது. நான் இதைச் சோதனைக்காகச் சில நிமிடம் செய்து பார்ப்பேன், உங்களைச் செய்யச் சொல்ல மாட்டேன். அடையாளம் தெரியாத சார்ஜர் உண்மையிலேயே 45 வாட் சார்ஜராக இருந்து, நாம் அதிலிருந்து 65 வாட் இழுத்தால் சூடாகி உருகப்போவது அந்தச் சார்ஜர். பனை ஓலை வேய்ந்த கொட்டகையிலும் மரப்பலகை மேசையிலும் வேலை நடக்கிற இடத்தில் அந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன். தவிர அதே கம்பியை மதர்போர்டு தன் மின்சுற்றுகள் சூடாகும்போதும் பயன்படுத்தும். அந்த எச்சரிக்கையும் சேர்ந்து அறுந்துபோகும்.

சரி, சோதனையில் உங்களுடையது சூட்டு வகை என்று தெரிந்தால்? விசிறியையும் அதன் வாயிலில் இருக்கும் உலோகச் சீப்பையும் திறந்து பார்க்க வேண்டும். நம் பக்கத்துத் தூசியில் உப்பு கலந்திருப்பதால் ஈரம் இழுத்து அப்பளம் போலப் படியும், வெளியிலிருந்து ஊதினால் போகாது. பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சீப்பு அலுமினியமாக இருந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அதை மாற்றுவதே நல்லது. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு இது செய்து பழகாத வேலை என்றால் கடையில் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் இந்த வகை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, நீங்கள் முதலில் கேட்ட கேள்வி. ஏன் ஒவ்வொரு முறையும் பவர்சேவுக்கே போகிறது? இப்போதைய உபுண்டுவில் ‘பவர் புரொஃபைல்ஸ் டீமன்’ என்ற சேவை பின்னணியில் ஓடுகிறது. ஆன் ஆனதும் அது தன் கணக்குப்படி கவர்னரை வைக்கும். நீங்கள் டெர்மினலில் மாற்றியது அந்தச் சமயத்துக்கு மட்டும்தான். திரையின் மேல் வலது மூலையில் உள்ள மெனுவில் பவர் மோட் என்று இருக்கும், அதில் ‘பேலன்ஸ்ட்’ வையுங்கள், போதும். கரண்ட் போய்ப் பேட்டரியில் பில் போட வேண்டிய நாளில் ‘பவர் சேவர்’ வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். டிஎல்பியையும் இந்தச் சேவையையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். ஒன்று வைத்ததை மற்றொன்று மாற்றும், எது எப்போது மாற்றியது என்று கண்டுபிடிப்பது பெரும் தலைவலி. தம்பி டிஎல்பி போட்டிருந்தால் அதை நீக்கிவிடச் சொல்லுங்கள். கவர்னரை நிரந்தரமாகப் பெர்ஃபார்மன்ஸில் வைப்பதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பில் போடுவதில் வித்தியாசம் தெரியாது, விசிறி மட்டும் கூடுதலாக ஓடி இன்னும் உப்புக்காற்றை உள்ளே இழுக்கும்.

லேப்டாப்பைக் கடல் பார்த்த ஜன்னலை விட்டு உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் கம்பெனியில் வேலை குறைவு என்று அதை மூடி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வாரம் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், உள்ளே சேரும் ஈரம் அந்தச் சூட்டில் காயும்.

கடைசியாகப் பேட்டரி. அடையாளம் சொல்லும் சார்ஜர் கிடைத்ததும், லேப்டாப்பை அணைத்துவிட்டு இரவு முழுக்க மாட்டி வையுங்கள். காலையில் ஏறியிருந்தால் டெர்மினலில் ‘யூபவர்’ கட்டளையோடு ஒரு சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்து அடியுங்கள். பேட்டரி பற்றிய பகுதியில் ‘எனர்ஜி ஃபுல்’ என்றும் ‘எனர்ஜி ஃபுல் டிசைன்’ என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது கொள்ளும் அளவு, இரண்டாவது புதிதாக வந்தபோது கொண்ட அளவு. முதலாவது இரண்டாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் அப்போது புதுப் பேட்டரி வாங்குங்கள். பாதிக்கு மேல் இருந்தால் இந்த வாடைக்காலத்தை அதை வைத்தே ஓட்டிவிடலாம்.